559-ஆம் இடத்தில் ஒரு புரோலின்

நாமக்கல் பட்டறைக்கு லாரி வரும்போது வெறும் சேஸிஸாகத்தான் வரும். கேபினும் பாடியும் கட்டுவது நம்ம ஆட்கள். எச்ஐவி தடுப்பூசிக்குப் புரதம் கட்டுகிறவர்களின் வேலையும் ஏறக்குறைய இதுதான் என்று தெரிந்தபோது, இந்த ஊரைச் சேர்ந்த எனக்குத் தலைகால் புரியவில்லை!

அங்கே சேஸிஸ் எது தெரியுமா? கொதிக்கிற தண்ணீரில் குடியிருக்கும் அக்விஃபெக்ஸ் என்ற பாக்டீரியாவின் நொதி. அறுபது துண்டுகள் தாமாகவே கூடி உருண்டையாகிவிடும். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் ஷீஃப் குழு ஒவ்வொரு துண்டின் மேலும் எச்ஐவி புரதத்தின் சின்னப் பகுதி ஒன்றை ஏற்றியது. அசல் பகுதி அல்ல, கணினியில் திருத்தித் திருத்திச் செய்தது. பல வகை எச்ஐவியையும் மடக்கும் ஆன்டிபாடியை ஒருநாள் உருவாக்கக்கூடிய பி செல், சுமார் மூன்று லட்சத்தில் ஒன்றுதான் நம் உடம்பில் இருக்கிறது. அந்தக் கற்றுக்குட்டி செல் அசல் வைரஸைச் சட்டையே செய்யாது. ஆகவே செல்லுக்குப் பிடித்த மாதிரி புரதத்தை மாற்றினார்கள். 2018-ல் தொடங்கிய முதல் சோதனையில் ஊசி போட்ட 36 பேரில் 35 பேரிடம் அந்தச் செல்கள் விழித்துப் பெருகின. முப்பத்தைந்து! வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி இன்னும் வரவில்லை, இது முதல் படிதான். இருந்தாலும் துள்ளாமல் இருக்க முடியுமா?

எங்கள் பக்கத்தில் இந்த வைரஸ் புதுப் பெயர் இல்லை. லாரித் தொழில் செழித்த நாமக்கல், ஒரு காலத்தில் தமிழகத்திலேயே எச்ஐவி அதிகமான மாவட்டங்களில் ஒன்று. இந்தியாவில் பரவியது பெரும்பாலும் சி வகை. அதை வைத்துச் செய்த தடுப்பூசி ஒன்றை 2006-ல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாதுகாப்பாக இருந்தது, பெரிய சோதனைவரை போகவில்லை. இன்னொரு முயற்சி, நாமக்கல்லில் என்எச் 44 பிடித்து ஓசூர் தாண்டினால் வரும் பெங்களூரில். இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜன் குழு எச்ஐவி புரதத்தின் ஒரு துண்டை ஈ-கோலை பாக்டீரியாவுக்குள்ளேயே தயாரித்தது. முயல்களில் அது பலவகை வைரஸ்களைத் தடுக்கும் ஆன்டிபாடியைத் தூண்டியதாக 2013-ல் எழுதினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை 559. எச்ஐவியின் மேலே நிற்கும் புரதம் மும்மடிக் கட்டு. தனியே எடுத்தால் உதிர்ந்துவிடும். உதிரியைக் காட்டினால் உடம்பு உதிரிக்குத்தான் ஆன்டிபாடி செய்யும், வைரஸ் தப்பித்துவிடும். ஆய்வாளர்கள் ரோஜியர் சாண்டர்ஸும் ஜான் மூரும் அந்தப் புரதச் சங்கிலியின் 501, 605 ஆகிய இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்துக் கந்தகப் பாலம் போட்டார்கள். 559-இல் இருந்த ஐசோலூசினைத் தூக்கிவிட்டுப் புரோலினை வைத்தார்கள். புரோலின் வளைந்துகொடுக்காத பிடிவாதக்காரர். அது உட்கார்ந்த இடத்தில் நீளச் சுருள் உருவாகாது. 664-ல் வாலையும் நறுக்கினார்கள். நைரோபியில் ஆறு வாரக் குழந்தையிடம் எடுத்த வைரஸில் இதையெல்லாம் செய்தபோது, 2013-ல் கட்டுக்குலையாத புரதம் கிடைத்தது. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் நாலைந்தை மாற்றியதற்கு இந்தப் பலன்! இதே புரோலின் தந்திரம்தான் பின்னாளில் ஃபைசர், மாடர்னா கோவிட் ஊசிகளுக்குள்ளும் புகுந்தது. (நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் அது கிடையாது, தேடாதீர்கள்.)

ஷீஃப் குழுவின் புரதம் இப்போது எம்ஆர்என்ஏவாக உருமாறி அமெரிக்கா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் சோதிக்கப்பட்டுவிட்டது. முதல் ஊசி செல்லை எழுப்ப, அமெரிக்காவில் சற்றே வேறான புரதத்தோடு போட்ட அடுத்த ஊசி அதை மேலும் தேற்றியது என்று 2025 மே மாதம் முடிவுகள் வந்தன. ஆனால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு. அது ஏன் என்று இப்போது மண்டையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.