கூஸ் வாத்தின் இறக்கையைப் பிரித்துப் பாருங்கள்

பெங்களூரைச் சுற்றிக் கனகபுரா சாலையிலும் தேவனஹள்ளிப் பக்கமும் பண்ணை வீடுகள் பெருகப் பெருக, அவற்றின் புல்வெளிகளுக்குக் கூஸ் வாத்துகளும் வந்து சேர்ந்தன. நீண்ட கழுத்து, வெள்ளை வெளேரென்ற உடம்பு, அந்நியர் யாராவது கேட்டைத் திறந்தால் ஊரையே கூட்டும் குரல். பார்த்தவருக்கெல்லாம் பிடித்துப்போகிற பறவை. பிடித்துப்போன வேகத்தில் வாங்கியும் விடுகிறார்கள். அந்த வேகத்தில்தான் பறவையும் ஏமாறுகிறது, வாங்கியவரும் ஏமாறுகிறார்.

வீட்டில் வளரும் கூஸ் இனங்கள் பெரும்பாலும் இரண்டே காட்டுப் பறவைகளின் வழி வந்தவை. எம்ப்டன், டூலூஸ், செபஸ்டபோல் போன்ற ஐரோப்பிய இனங்களுக்கு மூதாதை கிரேலாக் என்னும் சாம்பல் நிறக் காட்டுவாத்து. சீனக் கூஸுக்கும், பெயரில் மட்டும் ஆப்பிரிக்காவைச் சுமக்கும் ஆப்பிரிக்கக் கூஸுக்கும் மூதாதை கிழக்காசியாவின் ஸ்வான் கூஸ். அலகும் நெற்றியும் சேரும் இடத்தில் குமிழ் புடைத்திருந்தால் அது இந்த இரண்டாவது வழியில் வந்தது. சீனாவின் தியான்லுவோஷான் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கூஸ் வளர்த்திருக்கிறார்கள் என்று 2022இல் எழுதினார்கள்.

இந்தியாவில் முறைப்படி பதிவான கூஸ் இனம் ‘காஷ்மீர் ஆன்ஸ்’. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இதைப் பதிவு செய்திருக்கிறது. பதிவு என்றால் அந்த இனத்தின் நிறம், எடை, முட்டை, வளரும் பகுதி எல்லாம் எழுத்தில் இருக்கின்றன என்று பொருள். பெங்களூரின் ‘ஃபேன்சி’ பறவை வியாபாரத்தில் கைமாறும் கூஸுக்கு இப்படி ஒரு தாளும் கிடையாது. ‘இம்போர்ட்டட்’ என்பார்கள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பறவையை இறக்க அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும், வந்திறங்கியதும் அதைத் தனிமைப்படுத்தி வைக்கவும் வேண்டும். அந்தக் காகிதங்களைக் காட்ட முடியாதவரின் பறவை பக்கத்து மாவட்டத்தில் பொரித்ததாகவே இருக்கும். உள்ளூரில் பொரித்தது குறையே அல்ல. அதை மறைத்து விலை ஏற்றுவதுதான் தவறு.

தாய் தகப்பன் யார் என்று தெரியாமல் பெருக்கும்போது முதலில் அடிபடுவது கருவுறும் திறன். நாலைந்து பறவைகளோடு தொடங்கும் பண்ணையில் அண்ணன் தங்கையே ஜோடி சேரும். சில தலைமுறை போனால் முட்டை கூமுட்டையாகும், பொரித்தவற்றிலும் விரல் கோணலும் வளர்ச்சிக் குறைவும் தலைகாட்டும். காலில் எண் போட்ட வளையம், ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேறு பண்ணையிலிருந்து ஓர் ஆண் பறவை. இதற்கு மேல் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஆனாலும் செய்பவர்கள் மிகக் குறைவு.

ஜோடி என்று விற்பதிலும் பெரிய கோளாறு நடக்கிறது. கூஸில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சீனக் கூஸில் ஆணுக்குக் குமிழ் பெரிது, குரல் கீச்சென்று இருக்கும். அதுவும் நன்றாக வளர்ந்த பிறகுதான் தெளிவாகும். குஞ்சாக இருக்கும்போது கழிவுத்துளையை விரித்துப் பார்த்துச் சொல்லலாம், ஆனால் பழகாத கை குஞ்சைக் காயப்படுத்திவிடும். இறகை வைத்து மரபணுப் பரிசோதனையும் செய்யலாம். இது எதுவும் செய்யாமல் கூண்டிலிருந்து கைக்கு வந்த இரண்டைப் பிடித்து ‘பிரீடிங் ஜோடி’ என்று கொடுத்துவிடுகிறார்கள். கூஸ் முட்டையிடத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில். இரண்டும் ஆண் என்று வாங்கியவருக்குத் தெரியும்போது விற்றவரின் கைபேசி எண்ணே மாறியிருக்கும். அதற்குள் அந்த இரண்டு ஆண்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். பிரித்தால் நாள் கணக்கில் கத்தும், சரியாக மேயாது. இருபது வருடம்கூட வாழும் பறவை இது. அதன் உறவு எளிதில் விட்டுப்போவதில்லை.

குஞ்சு வாங்கப் போனால் இறக்கையை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். மணிக்கட்டுக்கு அப்பால் உள்ள நுனிப்பகுதி உடம்போடு படியாமல் வெளிப்பக்கம் திருகி நின்றால் அதற்கு ஏஞ்சல் விங் என்று பெயர். அழகான பெயர், ஆனால் அது ஊனம். விரைவாக எடை ஏறட்டும் என்று செறிவான தீவனத்தை மட்டுமே கொட்டி, புல்லும் நடையும் இல்லாமல் வளர்த்தால் இறக்கை இறகுகள் எலும்பை முந்திக்கொண்டு வளரும். இரத்தம் நிறைந்த இளம் இறகுத்தண்டுகளின் பாரத்தில் இளம் மூட்டு வெளியே திரும்பிவிடும். சில வம்சங்களுக்கு இது பிறவியிலேயே கூடுதலாக வருவதும் உண்டு. கண்ட உடனே இறக்கையை இயல்பாக மடக்கிச் சில நாள் கட்டி வைத்தால் நேராகிவிடும். வளர்ந்த பிறகு எதுவும் செய்ய முடியாது.

அடுத்து கால். பிராய்லர் கோழி ஸ்டார்ட்டர் தீவனம் சுலபமாகக் கிடைப்பதால் அதையே போடுகிறார்கள். பிராய்லர் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் நியாசின் என்ற வைட்டமின் போதும். கூஸ் குஞ்சுக்கு 65 வேண்டும். குறைந்தால் கணுக்கால் மூட்டு வீங்கும், கால் வளையும், குஞ்சு உட்கார்ந்தே கிடக்கும். தீவனத்தில் ஈஸ்ட் கலந்தால் இந்தக் குறை தீரும். முதல் நான்கு வாரம் 20 சதவீதப் புரதம், பிறகு 15 சதவீதம், கூடவே நிறையப் புல்: இது தெரிந்தவர் வளர்த்த குஞ்சு, புல்தரையில் விட்டதும் நிமிர்ந்து ஓடும். முழுக்கச் சிமென்ட் போட்ட முற்றத்தில் வளர்ந்ததைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளங்காலில் கறுத்த தழும்பும் வீக்கமும் தெரியும். தலை முழுகும் ஆழத்துக்குத் தண்ணீரும் வேண்டும். கண்ணையும் மூக்குத்துளையையும் கழுவிக்கொள்ள வழியில்லாத கூஸுக்குக் கண்ணோரம் பீளை ஒட்டியிருக்கும்.

சில இனங்களில் அழகே பறவைக்குச் சுமையாகிறது. செபஸ்டபோலுக்கு இறகெல்லாம் சுருள் சுருளாகத் தரைவரை தொங்கும். கருங்கடல் துறைமுகத்தின் பெயரோடு இங்கிலாந்தின் கண்காட்சிக்கு 1860இல் வந்து பேர் வாங்கிய இனம். அந்தச் சுருளான இறகு நீரைச் சரியாகத் தடுக்காது. பெங்களூரின் தொடர்மழையில் ஒதுங்கக் கூரையில்லாமல் விட்டால் நனைந்து நடுங்கும். கண்காட்சி டூலூஸுக்குத் தாடையின் கீழ்ச் சதைப்பை தொங்கும், வயிறு தரையைத் தொடும். எடை கூடக்கூட இணை சேர்வது கடினமாகி, கருக்கூடுவது குறையும். இன்னும் பெரிய தாடை, இன்னும் நீண்ட சுருள் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போவதை நான் ஏற்கவில்லை. நடக்கவும் மேயவும் குளிக்கவும் தானே குஞ்சு பொரிக்கவும் முடிகிற பறவையைத்தான் தரமானது என்று சொல்ல வேண்டும்.

நோயையும் பேசியாக வேண்டும். உலகைச் சுற்றிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸின் மூல வகை 1996இல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு வளர்ப்புக் கூஸில்தான் கண்டறியப்பட்டது. 2005இல் சிங்ஹாய் ஏரியில் அது வரித்தலை வாத்துகளை ஆயிரக்கணக்கில் கொன்றது. கதக் மாவட்டத்தின் மாகடிக் குளத்துக்கும் நம் கூந்தன்குளத்துக்கும் குளிர்காலத்தில் வரும் அதே இனம். 2012 அக்டோபரில் பெங்களூர் அருகே ஹெசரகட்டாவில், மத்திய கோழி வளர்ப்பு நிறுவனத்திலேயே வான்கோழிகள் செத்து, எச்5என்1 உறுதியாகி, அங்கிருந்த பறவைகள் அழிக்கப்பட்டன. அரசுப் பண்ணைக்குள்ளேயே வந்த நோய், பல ஊர்ப் பறவைகளைக் கோழியோடும் புறாவோடும் ஒரே கூண்டில் அடைக்கும் கடைக்கு வர எவ்வளவு நேரமாகும்? புதிதாக வந்த பறவையைக் குறைந்தது மூன்று வாரமாவது தனியே வைப்பது எந்த விற்பனையாளருக்கும் முதல் கடமை.

செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018இல் விதிகள் வந்தன. பறவை விற்கும் கடையும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்து, விற்பனைக் கணக்கு வைக்க வேண்டும். நாய் பெருக்குவோருக்கு 2017இலிருந்து தனி விதிகள் உண்டு. கொல்லையில் கூஸ் பெருக்கி கைபேசியில் படம் அனுப்பி விற்பவருக்கு அப்படித் தனியாக எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தை இப்போதைக்கு வாங்குபவரின் கேள்விகள்தான் நிரப்ப வேண்டும்: எந்த ஜோடியின் முட்டையில் பொரித்தது, எப்போது, என்ன தீனி, ஆணா பெண்ணா என்பதை எப்படிப் பார்த்தீர்கள், பறவை ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. சத்தம் தாங்காமல் அடுக்ககத்துக்காரர்கள் கூஸை ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். மனிதக் கையில் வளர்ந்த அந்தப் பறவைக்கு நாயிடமிருந்து தப்பத் தெரியாது. வருகிறவர்கள் போடும் ரொட்டியைத் தின்று வாழப் பார்க்கும். வலசை வரும் வாத்துகளோடு நோயைக் கொடுத்து வாங்கும். விற்ற பறவையைத் திரும்ப ஏற்கிறேன் என்று ரசீதிலேயே எழுதித் தரும் பண்ணைக்காரரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம்.