ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அனுமதி கிடைப்பது எப்படி?

நகைக்கடன், இருசக்கர வாகனக் கடன், மகளிர் குழுக் கடன், கைபேசிச் செயலியில் சில நிமிடங்களில் வந்து விழும் தனிநபர் கடன். இவற்றில் கணிசமான பகுதியைத் தருபவை வங்கிகள் அல்ல. பேச்சுவழக்கில் ‘ஃபைனான்ஸ் கம்பெனி’ என்று நாம் சொல்லும், வங்கி சாரா நிதி நிறுவனங்கள்தான் தருகின்றன. ‘ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றது’ என்று அவை விளம்பரம் செய்வதையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதிவு எப்படிக் கிடைக்கிறது, கிடைத்தபின் எப்படிக் காப்பாற்றப்படுகிறது, நமக்கு அது எதை உறுதி செய்கிறது?

யாருக்குப் பதிவு தேவை?

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 1997இல் சேர்க்கப்பட்ட 45-ஐஏ பிரிவுதான் அடிப்படை. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கம்பெனியும் நிதித் தொழிலை முதன்மைத் தொழிலாக நடத்தக் கூடாது. எது முதன்மைத் தொழில் என்று அறிய ஒரு கணக்கு உண்டு: மொத்தச் சொத்தில் பாதிக்கு மேல் கடன், பங்கு, பத்திரம் போன்ற நிதிச் சொத்தாக இருக்க வேண்டும், மொத்த வருமானத்திலும் பாதிக்கு மேல் அதிலிருந்தே வர வேண்டும். இரண்டும் சேர்ந்து பொருந்தினால் ரிசர்வ் வங்கியின் வாசலுக்குப் போயாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

பணத்தோடு தொடர்புடைய எல்லாத் தொழிலும் இந்த வலைக்குள் வராது. சீட்டு நிறுவனங்களை 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி மாநில அரசின் பதிவாளர் கவனிக்கிறார். தமிழ்நாட்டுக்குப் பழக்கமான ‘நிதி’ நிறுவனங்கள் உறுப்பினர்களிடம் மட்டுமே வாங்கவும் கொடுக்கவும் முடியும். அவை மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. தெருமுனை அடகுக்கடைக்கு மாநிலச் சட்டப்படி தனி உரிமம். பங்குத் தரகர்களுக்கு செபி, காப்பீட்டுக்கு ஐஆர்டிஏஐ.

நுழையும் வழி

முதலில் கம்பெனிச் சட்டப்படி கம்பெனியாகப் பதிவாக வேண்டும். அடுத்தது மூலதனம். கடன் தொழிலுக்குப் புதிதாக வருபவர் 10 கோடி ரூபாய் சொந்த நிதி காட்ட வேண்டும். 2022 அக்டோபருக்கு முன் இது 2 கோடியாக இருந்தது. செலுத்திய பங்கு முதலையும் கையிருப்பையும் கூட்டி, அதில் நட்டத்தைக் கழித்தால் கிடைப்பதே இந்தச் சொந்த நிதி. கடன் வாங்கிக் காட்டும் பணம் இதில் சேராது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள்.

பிறகு ஆட்களைப் பார்ப்பார்கள். இயக்குநர்களின் கடன் வரலாறு எப்படி, அவர்கள் மீது வழக்கு உண்டா, வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வேலை பார்த்த அனுபவம் ஒருவருக்காவது உண்டா என்றெல்லாம் ஆராய்வார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான தொழில் திட்டத்தையும் தர வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்தபின் ஆறு மாதத்துக்குள் தொழிலைத் தொடங்கிவிட வேண்டும்.

காப்பாற்றுவதுதான் கடினம்

சான்றிதழ் கிடைத்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஆண்டு லாபத்தில் 20 விழுக்காட்டைக் காப்பு நிதியில் போட வேண்டும். நிறுவனம் இன்னமும் நிதித் தொழில்தான் செய்கிறது என்று தணிக்கையாளர் ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். 26 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பங்குகள் கைமாறினாலும், இயக்குநர்களில் 30 விழுக்காட்டினருக்கு மேல் மாறினாலும் முன்அனுமதி வேண்டும். பழைய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. கடன் தொழிலில் உள்ளவை 2025 மார்ச்சுக்குள் 5 கோடி, 2027 மார்ச்சுக்குள் 10 கோடி என்று படிப்படியாகச் சொந்த நிதியை உயர்த்தியாக வேண்டும்.

நிறுவனம் வளர வளரக் கண்காணிப்பும் இறுகும். 2022 அக்டோபர் முதல் அளவையும் தன்மையையும் பொறுத்து நான்கு அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். வைப்புத்தொகை வாங்காத, 1,000 கோடி ரூபாய்க்குக் குறைவான சொத்துள்ளவை அடி அடுக்கில் இருக்கின்றன.

தவறினால் என்ன ஆகும்? 2024 மார்ச்சில் ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் நிறுவனம் புதிய நகைக்கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. தங்கத்தின் எடையையும் தரத்தையும் மதிப்பிடுவதில் குறை, ரொக்க வரம்பை மீறியது, ஏல நடைமுறையில் பிசகு ஆகியவை காரணங்கள். திருத்திக் காட்டிய பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில்தான் தடை நீங்கியது. கடைசி ஆயுதம் சான்றிதழ் ரத்து. ரத்தானால் 30 நாளுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

கடன் கொடுக்கும் அனுமதி வேறு, வைப்புத்தொகை வாங்கும் அனுமதி வேறு. பெரும்பாலான நிறுவனங்களுக்கு முதலாவது மட்டுமே உண்டு. வைப்புத்தொகை வாங்கப் புதிய நிறுவனம் எதற்கும் 1997க்குப் பிறகு ரிசர்வ் வங்கி அனுமதி தரவில்லை. பழைய அனுமதி உள்ளவையும் ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தர முடியாது. 12 மாதத்துக்குக் குறைவாகவோ 60 மாதத்துக்கு அதிகமாகவோ பணம் வாங்கக் கூடாது. வங்கிச் சேமிப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இங்கே கிடையாது. பணத்தைத் திருப்பித் தருவதற்கு ரிசர்வ் வங்கி எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை.

ஆகவே, சான்றிதழ் என்பது தொழில் நடத்தும் அனுமதி. உங்கள் பணத்துக்கான உத்தரவாதம் அல்ல. பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்தின் பெயரை ரிசர்வ் வங்கி இணையதளத்திலுள்ள பட்டியலில் தேடுங்கள். வைப்புத்தொகை வாங்க அனுமதி உண்டா என்பதைத் தனியாகப் பாருங்கள். செயலியில் கடன் வாங்கினால், அதற்குப் பின்னால் இருக்கும் பதிவு பெற்ற நிறுவனம் எது என்று கேளுங்கள். மாதம் 3 விழுக்காடு, 5 விழுக்காடு வட்டி தருவதாக யாராவது சொன்னால், சுவரில் எந்தச் சான்றிதழ் தொங்கினாலும் பணம் கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் புகார் கொடுங்கள்.