ஈர்க்குச்சியும் நூலும்: ஒரு போர் விமானம் செய்வோம்!



விமான மாடல் என்றாலே பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டுவதுதான் பலருக்கு ஞாபகம் வரும். இங்கே நான் சொல்ல வருவது அது இல்லை. ஒரு டிராயிங், கொஞ்சம் மூங்கில், ஈர்க்குச்சி, அட்டை, நூல் இவற்றை வைத்துக்கொண்டு முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்றை அடியிலிருந்து நாமே செய்வது. இதற்கு 'ஸ்கிராட்ச் பில்டிங்' என்று பெயர். நான் இப்படி ஒன்று செய்து முடித்திருக்கிறேன். செய்யும்போது தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எந்த விமானம்?

நான் எடுத்துக்கொண்டது பி.இ.2சி. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ நகரிலிருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியின் வடிவமைப்பு. மூல வடிவமான பி.இ.2-வை 1912-ல் ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட் வடிவமைத்துத் தானே ஓட்டியும் காட்டினார். அதை எட்வர்ட் பஸ்க் என்ற பொறியாளர் ஆராய்ந்து, விமானி கையை எடுத்தாலும் தானாகவே நேராகப் பறக்கும்படி 1914-ல் மாற்றினார். அதுதான் 'சி' மாடல். அதே ஆண்டு நவம்பரில் இந்த வகை விமானம் ஒன்று வானில் தீப்பற்றி எரிந்ததில் பஸ்க் உயிரிழந்தார்.

பி.இ.2 வரிசையில் எல்லா வகையும் சேர்த்து சுமார் 3,500 விமானங்கள் தயாராயின. மரச்சட்டம், அதன்மேல் லினன் துணி, குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள். விமானமே அவ்வளவுதான். அதனால்தான் நம்ம கைக்கு ஏற்றது.

பாலம்தான் இறக்கை ஆனது

சிவில் நண்பர்கள் கவனிக்கவும்! இந்த இறக்கையின் தாத்தா ஒரு பாலம். 1844-ல் அமெரிக்காவில் பிராட் என்ற தந்தையும் மகனும் ஒரு டிரஸ் அமைப்புக்கு பேட்டன்ட் வாங்கினார்கள். ரயில்பாதைகளும் பாலங்களும் கட்டிய ஆக்டேவ் ஷானூட் என்ற பொறியாளர் 1896-ல் அதே பிராட் டிரஸ்ஸை இரட்டை இறக்கை கிளைடருக்குக் கொண்டுவந்தார். ரைட் சகோதரர்களும் அதையே பின்பற்றினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை. நாலு குச்சியை நாலு மூலையிலும் குண்டூசியால் கோத்துச் சதுரம் செய்யுங்கள். ஒரு பக்கம் தள்ளினால் 'பொத்'தென்று சாய்ந்துவிடும். இப்போது எதிர்எதிர் மூலைகளுக்கு இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். அசையாது. நூலால் அமுக்கத்தைத் தாங்க முடியாது, இழுவிசையை மட்டும்தான் தாங்கும். அதனால்தான் இரண்டு திசைக்கும் இரண்டு நூல். இரட்டை இறக்கையில் மேல் இறக்கை, கீழ் இறக்கை, இரண்டுக்கும் நடுவே நிற்கும் தூண்கள் சேர்ந்து இந்தச் சதுரம். தூண் அமுக்கத்தை வாங்கும், கம்பி இழுவிசையை வாங்கும். அப்ளைடு மெக்கானிக்ஸில் பேப்பரில் போட்ட அதே கணக்கு!

அளவும் டிராயிங்கும்

1:24 அளவை நான் தேர்ந்தெடுத்தேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பதால் கணக்கு மனசிலேயே வரும். இறக்கையின் முழு நீளம் 37 அடி, மாடலில் 18½ அங்குலம், அதாவது 47 செ.மீ. உடல் நீளம் 27 அடி 3 அங்குலம், மாடலில் 34.6 செ.மீ.

முப்பக்கத் தோற்ற டிராயிங் ஒன்று அவசியம். அதில் இறக்கையை ஸ்கேலால் அளந்து, நமக்கு வேண்டிய அளவை அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் ஜெராக்ஸ் கடையில் சொல்ல வேண்டிய சதவீதம் வந்துவிடும். டிராயிங்கில் 26 செ.மீ. இருந்தால் 181 சதவீதம். படத்தில் தெளிவில்லாத இடங்களுக்கு மியூசியப் போட்டோக்கள் உதவும். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் சேகரிப்பிலும், கனடாவின் ஒட்டாவா விமான மியூசியத்திலும் அசல் பி.இ.2சி இருக்கிறது.

உடலும் இறக்கையும்

உடல் என்பது நாலு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த நீளமான பெட்டி. மூங்கிலைச் சீவி ஒன்றரை மில்லிமீட்டருக்கு இழைத்துக்கொண்டேன். டிராயிங்கைப் பலகையில் ஒட்டி, மேலே பாலிதீன் விரித்து, குண்டூசி குத்தி, இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகவே ஒட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி வரும்.

இறக்கைக்கு விலா எலும்பு மாதிரி நிறைய அட்டைத் துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றாக வெட்டினால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. தகரத்தில் இரண்டு டெம்ப்ளேட் வெட்டி, நடுவே அட்டைகளை அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கி, வைஸில் வைத்து அரத்தால் ராவினால் எல்லாம் ஒரே அளவில் வந்துவிடும். ஃபிட்டிங் ஷாப்பில் கற்ற வித்தை எப்படி உதவுகிறது பாருங்கள்! இந்தக் காலத்து இறக்கை மெல்லியது, அடிப்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவை விட்டுவிட்டால் பார்க்கவே வேறு விமானம் மாதிரி ஆகிவிடும்.

அசலில் லினன் துணியைப் போர்த்தி 'டோப்' என்ற திரவத்தைப் பூசுவார்கள். காயும்போது துணி சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்கும். நமக்குப் பட்டம் விடும் டிஷ்யூ காகிதம் போதும். ஒட்டியபின் தண்ணீர் தெளித்தால் காயும்போது அதுவும் இறுகும். காயும்வரை இறக்கையைப் பலகையில் குண்டூசியால் பிடித்து வைக்கணும், இல்லாட்டி முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஒரு பூச்சு லேக்கர். லேக்கரும் தின்னரும் சட்டென்று தீப்பிடிப்பவை. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல் வேலை செய்யுங்கள்.

நான் ஒரு பக்கம் மட்டும் காகிதம் போர்த்தி, மறுபக்கத்தை எலும்புக்கூடாகவே விட்டுவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

இன்ஜின் 90 குதிரைத்திறன், காற்றால் குளிர்விக்கப்படும் வி-8. சிலிண்டர் துடுப்புகளுக்கு ஒரு சுலப வழி: சின்ன ஸ்க்ரூவின் மரைப் பகுதியை எட்டுத் துண்டாக அறுத்துக்கொண்டால் மரையே துடுப்பு மாதிரி தெரியும்.

நூல் கட்டும் வேலை

பாதி நாள் இதற்கே போகும். முதலில் கீழ் இறக்கையை உடலோடு ஒட்டணும். மேல் இறக்கை சரியான இடத்தில் நிற்க தடித்த அட்டையில் ஒரு ஜிக் வேண்டும். ஏனென்றால் இதன் மேல் இறக்கை கீழ் இறக்கைக்கு நேர் மேலே இல்லை, கொஞ்சம் முன்தள்ளி இருக்கிறது. தவிர, இரண்டு இறக்கைகளின் நுனியும் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் தானாகவே நிமிர்வதற்கான ஏற்பாடு அது.

தூண்கள் ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஜோடி. அவற்றுக்கு நடுவே மூன்று வகைக் கம்பிகள்:

1. ஃப்ளையிங் ஒயர்: கீழ் இறக்கையின் அடிப்பகுதியிலிருந்து வெளிப்புறத் தூணின் உச்சிக்கு. பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் பிடிப்பது.

2. லேண்டிங் ஒயர்: மேல் இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து வெளிப்புறத் தூணின் அடிக்கு. தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் தாங்குவது.

3. இன்சிடென்ஸ் ஒயர்: முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே குறுக்காக. இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காப்பது.

அசலில் கால் அங்குலக் கம்பி என்றால் மாடலில் கால் மில்லிமீட்டர்தான். தையல் நூலை மெழுகில் இழுத்துவிட்டால் பிசிறு அடங்கும். இடது பக்கம் ஒன்று கட்டினால் உடனே வலது பக்கம் அதே இடத்தில் ஒன்று. கார் சக்கர நட்டை எதிரெதிரே இறுக்குகிற மாதிரி. நூல் கட்டுவதற்கு முன் நுனியைத் தொட்டால் ஆடிய இறக்கை, கட்டி முடித்ததும் கல் மாதிரி நின்றது.

முன் சீட்டில் யார்?

இந்த விமானத்தில் விமானி உட்கார்வது பின் சீட்டில். வேவு பார்க்கும் அப்சர்வருக்குத்தான் முன் சீட்டு. காரணம் சென்டர் ஆஃப் கிராவிட்டி. முன் சீட்டு அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதால், அப்சர்வர் இல்லாமல் தனியாகப் பறந்தாலும் விமானத்தின் சமநிலை மாறாது. காகிதத்தில் பார்த்தால் அருமையான தீர்வு.

மாடல் முடிந்ததும் அந்த முன் குழியில் ஒரு குண்டூசியைத் துப்பாக்கியாக நட்டுச் சுற்றிப் பார்த்தேன். முன்னால் சுழலும் புரொப்பெல்லர். மேலே இறக்கை, கீழே இறக்கை. இரண்டு பக்கமும் தூணும் கம்பியும். பின்னால் சுட்டால் சொந்த விமானியின் தலை! எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. டிராயிங்கை எத்தனையோ தடவை பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை. மாடல்தான் காட்டியது.

வரலாறும் இதையேதான் சொல்கிறது. 1915-ன் மத்தியில் புரொப்பெல்லருக்கு ஊடாகச் சுடும் ஃபாக்கர் விமானத்தை ஜெர்மானியர்கள் கொண்டுவந்தார்கள். 1915 ஆகஸ்ட் 1 அன்று மாக்ஸ் இம்மெல்மான் வீழ்த்திய முதல் விமானம் ஒரு பி.இ.2சி. குண்டு சுமப்பதற்காக அப்சர்வரை விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தது அது. நேராகப் பறப்பதற்கென்றே செய்த விமானத்தால் சட்டென்று திரும்பித் தப்பிக்கவும் முடியவில்லை. 1916 மார்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பெம்பர்டன் பில்லிங் என்ற உறுப்பினர், நம் விமானிகள் கொலை செய்யப்படுகிறார்கள் என்றே குற்றம் சாட்டினார். விசாரணைக் குழுவும் அமைந்தது. ஆனாலும் 1917 வரை இந்த வரிசை விமானங்கள் போர்முனைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

அப்படியானால் பஸ்க் செய்த டிசைன் மோசமா? இல்லை. அதே விமானம் இரவில் இங்கிலாந்தின் மேல் பறந்து, குண்டு போட வந்த ஜெர்மன் வான்கப்பல்களைத் துரத்தியது. இருட்டில் ஆடாமல் அசையாமல் பறக்கும் குணம் அங்கே வரமானது. 1916 செப்டம்பர் 2 நள்ளிரவு கடந்து எஸ்.எல்.11 என்ற வான்கப்பலைச் சுட்டு வீழ்த்தி விக்டோரியா கிராஸ் பெற்ற லீஃப் ராபின்சன் ஓட்டியது பி.இ.2சி-தான். அவர் 1895-ல் பிறந்தது நம்ம பக்கத்துக் குடகில்!

வேவு பார்க்க வேண்டும், நிலையாகப் பறக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதை ஒழுங்காகச் செய்து கொடுத்தார்கள். வேலை மாறியபிறகும் விமானத்தை மாற்றாமல் அனுப்பிக்கொண்டே இருந்ததுதான் தப்பு. அதற்கு விலை கொடுத்தவர்கள் நம்ம வயசுப் பையன்கள். நாளைக்கு நாமும் ஒரு கம்பெனியில் டிராயிங்கில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். அந்தச் சீட்டில் யார் உட்காரப் போகிறார், அங்கிருந்து அவருக்கு என்ன தெரியும், எது கைக்கு எட்டும் என்று ஒரு தடவையாவது மாடல் செய்து பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

செலவு அதிகமில்லை. பொறுமைதான் நிறைய வேண்டும். செமஸ்டர் லீவில் ஆரம்பித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கல் பிளாக் பக்கம் வாங்க, மாடலைக் கையில் கொடுத்தே விளக்குகிறேன். நூலை மட்டும் இழுத்துப் பார்க்காதீங்க!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்