கம்பியை மறைக்கலாம்... புலியை மாற்றலாமா? வண்டலூர் கிளம்பும் செல்போன் கேமராக்களுக்காக!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி. ஆவடியில் ஒரு வீடு. பகல் முழுக்க வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சுற்றிவந்த களைப்பில் பிள்ளைகள் சாப்பிடாமலே தூங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் உட்கார்ந்து, போனில் எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார். ஐந்தாவது நிமிடம் ஊரிலிருந்து பாட்டியின் வாய்ஸ் மெசேஜ் வருகிறது. "கம்பி நல்லாத் தெரியுதுப்பா... புலி எங்க?"

பாட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. பெரும்பாலான ஜூ படங்களில் பளிச்சென்று இருப்பது கம்பிவலைதான். அதற்குப் பின்னால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஏதோ ஒன்று கலங்கிக் கிடக்கும். போன் மட்டமானது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், இருக்கிற போனிலேயே இதைவிடப் பல மடங்கு நல்ல படம் எடுக்கலாம்.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு வண்டலூர் இப்போது தூரமில்லை. ஆவடிக்காரர்கள் நெமிலிச்சேரியிலும், பூந்தமல்லிக்காரர்கள் நசரத்பேட்டையிலும் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால், ஊருக்குள் நுழையாமலே வண்டலூரில் போய் இறங்கிவிடலாம். அம்பத்தூரிலிருந்து ரயிலில் போகிறவர்கள் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, செங்கல்பட்டு ரயில் ஏற வேண்டும். சுற்றுதான். ஆனால் அந்த வழியில் ஒரு கதை இருக்கிறது. மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த பீப்பிள்ஸ் பார்க்கில்தான் மெட்ராஸின் பழைய மிருகக்காட்சி சாலை இருந்தது. 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதன் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிவைத்தது, பிறகு இங்கே வந்தது. பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்', உயிருள்ள விலங்குகள் இருந்த இதற்கு 'உயிர் காலேஜ்' என்று ஊர் வைத்த பெயர் இன்றும் தாத்தாக்களின் வாயில் இருக்கிறது. 1985-ல் அங்கிருந்து வண்டலூருக்கு இடம் மாறியது. இன்று மறுவாழ்வு மையத்தையும் சேர்த்து 602 ஹெக்டேர்.

இந்த இடமாற்றத்தால் படம் எடுப்பவர்களுக்கு ஒரு பெரிய லாபம். வண்டலூரில் புலி, சிங்கம் போன்ற பெரிய விலங்குகளுக்கு முன்னால் கம்பி இல்லை, அகழிதான். பார்வையாளருக்கும் விலங்குக்கும் நடுவே ஆழமான பள்ளம், அந்தப் பக்கம் மரமும் புதரும். ஆக, அங்கே பிரச்னை தூரம். கம்பிவலை பிரச்னையெல்லாம் பறவைக் கூண்டுகளிலும், வலைபோட்ட மற்ற கூண்டுகளிலும்தான்.

முதலில் வலையைப் பார்த்துவிடலாம். வலையை மறைக்கும் வித்தை போனுக்குள் இல்லை, நீங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் பொருள் ஃபோகஸில் விழாமல் கலங்கிப்போகும். எனவே, தடுப்புக்கு வெளியே நின்றபடி வலையை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி, போனின் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூம் லென்ஸை வைத்துப் பாருங்கள். விலங்கு வலையிலிருந்து பின்வாங்கிப் போகும்வரை காத்திருங்கள். வலைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவுக்கு வலை கரையும். கிளி வலையிலேயே தொற்றிக்கொண்டிருந்தால் எந்த மந்திரமும் பலிக்காது. அடுத்த கூண்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வலையைக் காட்டிக்கொடுப்பது அதன் மீது விழும் வெயில். ஒரே கூண்டில் ஒரு பக்கம் வலை வெள்ளிபோல மின்னும். நாலு அடி தள்ளி மரநிழல் விழும் இடத்தில் அதே வலை கண்ணுக்கே தெரியாது. அந்த நாலு அடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதன்பிறகு திரையில் விலங்கின் கண்ணைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் போன் மறுபடி மறுபடி வலையைத்தான் தேடிப் போகும். அது போனின் குணம். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

அகழிக்கு அப்பால் இருக்கும் புலிக்கு வேறு கணக்கு. போனில் 'முப்பது மடங்கு ஜூம்' என்று பெருமையாகக் காட்டினாலும், லென்ஸ் உண்மையில் இழுப்பது இரண்டு, மூன்று, விலை உயர்ந்த போன்களில் இன்னும் சில மடங்குதான். அதற்குமேல் போவதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். அதை வீட்டுக்கு வந்து நீங்களே செய்துகொள்ளலாம். புலி சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அது இருக்கும் மரத்தையும் நிழலையும் சேர்த்து எடுங்கள். பல நேரம் அந்தப் படம்தான் நன்றாக இருக்கும். கையை அகழிச் சுவர்மீது ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும். சுவர்மீது கைதான், பிள்ளையை அல்ல!

இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில், வெள்ளைப்புலி இருந்த பள்ளத்துக்குள் விழுந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மேலே நின்ற பலரின் கையில் இருந்த போன்கள் அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தன. தடுப்பு என்பது எட்டிப் பார்க்க அல்ல.

வண்டலூரில் கூட்டம் கூடும் இடம் வெள்ளைப்புலிதான். படம் சொதப்பும் இடமும் அதுதான். பச்சைப் பின்னணியில் வெள்ளை விலங்கு நின்றால், போன் இருட்டான பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். புலி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்ததும் பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். முகத்தின் ரோமம் திரும்பி வரும். கரடிக்கும் கருங்குரங்குக்கும் இதே கீழே இழுக்கும் வேலைதான், ஆனால் காரணம் நேர் எதிர். கறுப்பு திரையை நிறைக்கும்போது போன் பயந்துபோய் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

பாம்புகள் இருக்கும் கண்ணாடிக்கு முன்னால் போனைச் சாய்க்காமல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் டியூப்லைட்டும் உங்கள் சட்டையும் படத்தில் விழாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் பட்டு வெள்ளை வட்டம் விழும் என்பது ஒரு காரணம். இரவு விலங்குகள் இருக்கும் இருட்டறையில், அந்த வெளிச்சம் விலங்குக்குத் தரும் தொல்லை பெரிய காரணம். பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும், சத்தம்போட்டுத் தொந்தரவு செய்வதும், தீனி போடுவதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. 'டேய், இங்க பாரு!' என்று சிங்கத்தைக் கூப்பிடுவதும் அதில் சேரும். சிங்கம் எப்படியும் திரும்பாது.

எப்போது போவது? காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே இருப்பதுதான் நல்லது. வெயில் ஏறினால் புலி நிழலில் மல்லாந்துவிடும், வெளிச்சமும் தலைக்கு நேர்மேலே வந்து கண்ணைக் குழியாக்கிவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து வாசல்வரை போய்த் திரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏ.சி. காரிலிருந்து இறங்கிய உடனே படம் எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படிந்திருக்கும். அதற்கும் முன்னால், பாக்கெட்டில் கிடந்த போனின் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் ஒரு தடவை துடையுங்கள். பஜ்ஜி சாப்பிட்ட விரல் பட்ட லென்ஸ் எல்லாப் படத்தையும் பனிமூட்டமாகத்தான் காட்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு செய்ய வேண்டியது குறைவு. கூகுளின் ஸ்னாப்சீட் இலவசம், அதுவே போதும். முதல் வேலை வெட்டுவது. ஓரத்தில் தெரியும் தலைகள், குப்பைத்தொட்டி, பாதி மறைந்த போர்டு எல்லாம் போகட்டும். விலங்கு பார்க்கும் திசையில் கொஞ்சம் இடம் விடுங்கள். வலைக்குப் பின்னாலும் கண்ணாடிக்குப் பின்னாலும் எடுத்த படங்கள் வெளுத்துப்போயிருக்கும். கான்ட்ராஸ்டைச் சற்று ஏற்றி, நிழலைக் கொஞ்சம் இறக்கினால் பாதி மூட்டம் கலையும். மரங்களுக்குக் கீழே எடுத்ததெல்லாம் பச்சை பூசிக்கொண்டிருக்கும். வொயிட் பேலன்ஸில் அதைச் சரிசெய்யலாம். சரியாகவே வரவில்லை என்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், பச்சை வலையும் பச்சைச் சாயலும் சேர்ந்தே மறையும். இந்த ஊரிலேயே வாழ்ந்த இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன், காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்துக் காட்டினார். எதுவும் குறைந்துபோகவில்லை.

விவகாரம் இதற்கு அடுத்த பட்டனில் ஆரம்பிக்கிறது. தேவையற்றதை அழிக்கும் வசதி 2021-லேயே கூகுள் பிக்ஸல் போனில் வந்துவிட்டது. இப்போது 'படத்தைத் தெளிவாக்கு' என்றால் ஏ.ஐ. புதிதாக வரைந்தே கொடுத்துவிடுகிறது. மூக்குக்குக் குறுக்கே போன ஒரு கம்பியை அழித்தால், அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய ரோமத்தை அது ஊகித்துப் போடும். ஒரு கம்பி என்றால் சரி. முகமெல்லாம் வலை என்றால்?

புலிக்கு இது சாதாரண விஷயமில்லை. நம் கைரேகை மாதிரி ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு. காட்டில் தானியங்கி கேமராக்களில் விழும் வரிகளை ஒப்பிட்டுத்தான் புலிகளை எண்ணுகிறார்கள். 1990-களில் நாகரஹொளேயில் விஞ்ஞானி உல்லாஸ் காரந்த் இதைச் செய்துகாட்டினார். ஆக, வரியை ஏ.ஐ. வரைந்துவிட்டால் உங்கள் படத்தில் இருப்பது நீங்கள் பார்த்த புலி இல்லை. எங்குமே இல்லாத ஒரு புலி.

கம்பியை மறைப்பதோடு நிற்காமல் இடத்தையும் மறைக்கும் ஆசை இன்னொன்று. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2009-ம் ஆண்டு வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம் முதல் பரிசு வாங்கியது. அது பூங்காவில் பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010-ல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார், முடிவு மாறவில்லை. அங்கே பரிசு மட்டும்தான் போனது. நம் பக்கம், வண்டலூர் சிறுத்தையைக் கம்பி அழித்து, இடம் எழுதாமல் ஸ்டேட்டஸ் வைத்தால், நாலாவது குரூப்புக்குப் போவதற்குள் அது திருநின்றவூர் ஏரிக்கரையில் சிறுத்தையாகிவிடும்.

அதனால் ஒரு பழக்கம். ஒவ்வொரு கூண்டிலும் முதலில் பெயர்ப் பலகையை ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு விலங்கை எடுங்கள். எது வரகுக்கோழி, எது கானாங்கோழி என்று ராத்திரி மண்டையைக் குடைய வேண்டாம். பகிரும்போது விலங்கின் பெயரோடு 'வண்டலூர்' என்ற ஒரு சொல்லும் தேதியும் போதும்.

2021 ஜூனில் கொரோனா வண்டலூர் சிங்கங்களைத் தாக்கியபோது, 3-ம் தேதி நீலா என்ற பெண் சிங்கமும், 16-ம் தேதி பத்மநாபன் என்ற ஆண் சிங்கமும் இறந்துபோயின. அதற்கு முந்தைய வருடங்களில் அங்கே போன எத்தனையோ பேரின் பழைய போன்களில் அந்த இரண்டு சிங்கங்களும் இன்னும் இருக்கலாம். ஆட்டம்கண்ட, மங்கலான படங்களாகக்கூட இருக்கட்டும். தேதி இருந்தால் யாரென்று தேடிப் பார்க்க ஒரு வழி உண்டு.

பாட்டிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் மேலே இருக்கும் ஹெச்.டி. பட்டனைத் தட்டிவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, நீங்கள் காத்திருந்து எடுத்த மீசை முடியையெல்லாம் மழித்துவிடும். நாற்பது படம் வேண்டாம், நாலு போதும். அவர் டேட்டாவும் மிச்சமாகும்.