விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்

ஜெய்ப்பூர் போகிறவர்கள் நகர அரண்மனையைப் பார்த்த கையோடு பக்கத்திலிருக்கும் ஜந்தர் மந்தர் வானாய்வகத்துக்குள்ளும் நுழைந்து, ஏதாவதொரு படிக்கட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அரை நாளாவது ஒதுக்க வேண்டிய இடம் இது. வெயில் காயும் நாளாகப் பார்த்துப் போங்கள். மேகம் மூடிவிட்டால் அங்கிருக்கும் கருவிகளில் பாதி வெறும் சுவர்கள்தான்.

கட்டியவர் ஆம்பர் அரசர் இரண்டாம் சவாய் ஜெய்சிங். அக்காலத்துப் பித்தளைக் கருவிகள் மீது அவருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. வளையம் சிறியது, நுண்ணிய பிரிவுகளைப் பொறிக்க இடமில்லை. அச்சும் நாளடைவில் தேய்ந்து ஆட்டம் காணும். கல்லும் சுண்ணாம்புமாகப் பெரிதாய்க் கட்டிவிட்டால் இரண்டு குறையும் தீரும் என்று கணக்குப் போட்டார். 15ஆம் நூற்றாண்டில் சமர்கண்டில் வானியல் அறிஞரான அரசர் உலூக் பேக் அப்படித்தான் கட்டியிருந்தார்.

அந்தக் கணக்கின் உச்சம் சாம்ராட் யந்திரம். சுமார் 27 மீட்டர் உயரமுள்ள முக்கோணச் சுவர்; அதன் சாய்ந்த விளிம்பு தரையோடு 27 பாகைக் கோணத்தில் ஏறுகிறது. ஜெய்ப்பூரின் அட்சரேகையும் அதுவே. அதனால் அந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக, வான வடதுருவத்தை நோக்கி நிற்கிறது. சுவரின் இருபுறமும் கால்வட்ட வடிவில் அளவுகோல்கள். காலையில் நிழல் மேற்குப் பக்கத்திலும் பிற்பகலில் கிழக்குப் பக்கத்திலும் விழும். கால்வட்டத்தின் ஆரம் சுமார் 15 மீட்டர் என்பதால் நிழல் மணிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் நகர்கிறது. அதாவது விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர். குனிந்து பார்த்தால் நிழல் ஊர்வது கண்ணுக்கே தெரியும். அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு 2 விநாடி.

ஆனால் இங்கே சூரியனே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அது ஒரு புள்ளி அல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே நிழலின் ஓரம் கத்தி நறுக்கியதுபோல் விழாமல், உள்ளங்கை அகலத்துக்கும் மேலாக மங்கிப் படர்கிறது. நேரக் கணக்கில் அந்த மங்கல் சுமார் 2 நிமிடம்! யந்திரத்தை இரட்டிப்பாக்கிக் கட்டினாலும் பயனில்லை, மங்கலும் இரட்டிப்பாகும். மெல்லிய நூல் ஒன்றை அளவுகோலுக்குச் சற்று மேலே, நிழல் விளிம்புக்கு இணையாகப் பிடித்து, அதன் சொந்த நிழல் எங்கே மறைகிறது என்று பார்ப்பது ஒரு வழி. பழகிய கை இந்த உபாயத்தால் சில விநாடிப் பிழைக்குள் நேரம் சொல்லிவிடும்.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு யந்திரம் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அது காட்டுவது ஜெய்ப்பூரின் சூரிய நேரம். நவம்பர் தொடக்கத்தில் இந்திய நேரத்துக்கு 10 நிமிடமும், பிப்ரவரி நடுவில் 41 நிமிடமும் பின்தங்கி நிற்கும்.

என் ஓட்டு மட்டும் சாம்ராட்டுக்கு இல்லை, ஜெய் பிரகாஷ் யந்திரத்துக்கு. தரையில் பதித்த இரண்டு அரைக்கோளக் குழிகள். தலைகீழாகக் கவிழ்ந்த வானம் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே குறுக்காகக் கட்டிய கம்பிகளின் நடுவில் துளையிட்ட சிறு தகடு. அதன் நிழல் விழும் இடத்தில் பொறித்திருக்கும் கோடுகளே வானில் சூரியனின் இருப்பிடம். சலவைக்கல் பட்டைகளுக்கு இடையே ஆள் இறங்கி நிற்க வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். ஒரு குழியில் பட்டை இருக்கும் இடம் மற்றதில் வெற்றிடம். நிழல் பட்டையை விட்டு நழுவினால் பார்ப்பவர் அடுத்த குழிக்குப் போய்விட வேண்டியதுதான். இரவில் அந்த வெற்றிடத்தில் நின்று, துளை வழியே விண்மீனைக் குறிபார்க்கலாம்.

இவற்றையெல்லாம் கட்டியபோது ஐரோப்பாவில் தொலைநோக்கி வந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஜெய்சிங்குக்கும் அது தெரியும். போர்ச்சுகலுக்கு ஆளனுப்பி, பிரெஞ்சு வானியலர் லா ஹிரின் அட்டவணைகளை வரவழைத்தார். நிலவின் இடத்தில் அரைப் பாகை பிழை கண்டு பெருமைப்பட்டார். பெருமை நியாயம்தான், ஆனாலும் உலகம் கண்ணாடி வில்லைக்கு மாறிவிட்ட பிறகு வெறுங்கண்ணின் எல்லையைத் தொட்டவர் அவர்.

சாம்ராட்டின் உச்சிக்கு இன்றும் ஒரு வேலை இருக்கிறது. ஆஷாட பௌர்ணமி மாலையில் ஜோதிடர்கள் கொடியோடு மேலேறி, காற்று வீசும் திசையைப் பார்த்து அந்த ஆண்டின் மழையைக் கணிக்கிறார்கள்.