கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

மீன் தொட்டிக்கு வீட்டிலேயே சம்ப் ஃபில்டர் செய்யலாமா என்று சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் கேட்டால், பம்பு, பஞ்சு, பயோ பால் என்று சாமான் பட்டியல் உடனே வந்துவிடும். பம்பு ஓடுகிற வரைக்கும் எந்த சம்பும் ஒழுங்காகத்தான் இருக்கும். அது நின்றால்? ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய், காலையில் ஹாலெல்லாம் தண்ணீராகக் கிடந்தால்தான் பலருக்கும் அந்தக் கேள்வியே வருகிறது. கண்ணாடி வெட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

ஏற்பாடு என்னவோ எளிதானதுதான். மேலே மீன் தொட்டி. அடியில், ஸ்டாண்டின் அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி; அதுதான் சம்ப். மேல் தொட்டியின் பின்பக்கம், விளிம்புக்குக் கீழே ஓர் ஓட்டை. அதன் வழியாக வழிகிற நீர் தானாகவே கீழே இறங்கும். அங்கே பஞ்சையும் பயோ மீடியாவையும் கடந்து கடைசி அறைக்கு வரும். பம்பு அதைத் திரும்ப மேலே தள்ளும்.

பஞ்சு பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை மட்டும். மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீன் செவுள் வழியாக விடுவதும், மிஞ்சிய தீனி அழுகி வருவதும் அதுதான். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே பழைய புத்தகங்கள் சொல்லிவந்தன. 1998-ல் டிமத்தி ஹோவனெக் குழுவினர் நன்னீர் மீன் தொட்டிகளில் தேடிப் பார்த்தபோது அகப்பட்டது நைட்ரோஸ்பைரா. பெயர் எதுவானாலும் அவற்றுக்கு வேண்டியவை இரண்டு: ஒட்டிக்கொள்ள இடம், நிறைய ஆக்சிஜன். சம்ப் இரண்டையும் தாராளமாகத் தருகிறது. மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லையென்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். சம்ப் திறந்தே கிடப்பதால் அந்தச் சிக்கல் குறைவு. நம் ஊர் மின்வெட்டுக்கு, என் ஓட்டு சம்புக்குத்தான். இரண்டடித் தொட்டியில் நாலு கப்பி வைத்திருப்பவருக்கு இதெல்லாம் அதிகப்படி. ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும்.

இப்போது கணக்கு. மேல் தொட்டி 3 அடி நீளம், 1¼ அடி அகலம், 1½ அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 160 லிட்டர் பிடிக்கும். கீழே 2 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரத்தில் சம்ப்; இது 70 லிட்டர். மேல் தொட்டியில் நீர்மட்டம் 1 அங்குலம் இறங்கினால் கீழே வருவது 9 லிட்டர். சம்பில் அது ஏறக்குறைய 2 அங்குலம் ஏறும். பம்பு நின்றதும் ஓட்டை மட்டம் வரை வடிவது இவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

வில்லன் வேறு குழாயில் இருக்கிறான். பம்பிலிருந்து மேலே போகிற ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் 4 அங்குலம் முங்கியிருந்தால், பம்பு நின்ற கணமே அது சைஃபனாக மாறித் தண்ணீரைத் திருப்பி இழுக்கும். 36 லிட்டர்! ஏற்கெனவே 8 அங்குலம் நீர் நிற்கிற சம்பில் இன்னும் 7½ அங்குலம் ஏறினால், 15 அங்குலக் கண்ணாடியைத் தாண்டித் தரைக்கு வந்துவிடும். தடுக்க, குழாய் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வையுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அதே குழாயில் சின்னதாக ஒரு துளையும் போடுங்கள். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிட வேண்டும். கடையில் நான்-ரிட்டர்ன் வால்வைக் காட்டுவார்கள். ஒரு நத்தைக்குஞ்சு சிக்கினால் அது மூடாது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓட்டை போடுவதைக் கண்ணாடிக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பழைய தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், அனுபவசாலி முதலில் துளைக்க வேண்டிய கண்ணாடியைத்தான் பார்ப்பார். "சார், இது டஃபன்டு கிளாஸ். பிட்டு வச்சா பொலபொலன்னு உதிர்ந்துடும்" என்று அவர் சொன்னால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் வைரத்தூள் பதித்த பிட்டில், தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகத் துளைப்பார்கள். அதில் வாஷரோடு டேங்க் நிப்பிளை முடுக்கி, வாயில் மீன் புகாதபடி வலை மாட்ட வேண்டும். இறங்கு குழாய் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கும்போது 'களக் களக்' என்று ஒரு சத்தம் வரும். ஹாலில் தூங்குகிறவர்கள் சபிப்பார்கள். இறங்கு குழாயின் தலையில் ஒரு 'T' வடிவ இணைப்பு வைத்து, மேல் மூடியில் காற்றுக்குச் சிறு துளை விட்டால் சத்தம் அடங்கும். ரிச்சர்ட் டுர்ஸோ என்ற அமெரிக்க மீன் வளர்ப்பாளரின் பெயரில் வழங்கும் உத்தி இது.

சம்பை 5 மி.மீ. கண்ணாடியில் ஒட்டலாம். மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி நீர் நிரம்பினால் பக்கவாட்டில் உப்பும், தடுப்புகள் விட்டுப்போகும். பாத்ரூமுக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் ஆகவே ஆகாது, அந்த மருந்து மீனுக்கு விஷம். மீன் தொட்டிக்கென்று கேட்டு வாங்கி, வினிகர் வாடை போகிற வரை, குறைந்தது இரண்டு நாள் காயவிட்டு, வராந்தாவில் வைத்து நீர் நிரப்பிக் கசிவு பாருங்கள்.

உள்ளே மூன்று அறை. முதலாவதில் பஞ்சு. நடுவில் பயோ மீடியாவாக செராமிக் ரிங்கோ லாவா கல்லோ. பாத்திரம் தேய்க்கும் நைலான் நார்கூட நன்றாகவே வேலை செய்யும், சோப்பு தடவாததாகப் பார்த்து வாங்கினால் சரி. கடைசி அறை பம்புக்கு. ஆவியாகிற நீரெல்லாம் இந்த அறையில்தான் குறைந்து காட்டும். கோடையில் தினமும் எட்டிப் பார்த்து ஊற்றவில்லையென்றால் பம்பு காய்ந்து ஓடும். இந்த அறை சின்னதாகவே இருக்கட்டும். காரணம், இறங்கு குழாயை ஓர் இலை அடைத்துக்கொண்டாலும் பம்பு தன் பாட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். 6 அங்குல நீள அறை என்றால் அது தள்ளக்கூடியது சுமார் 6 லிட்டர். மேல் தொட்டியில் முக்கால் அங்குலம்கூட ஏறாது. மேலே 1 அங்குலம் காலியாக விட்டிருந்தால் தப்பித்தீர்கள்.

பம்பு வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கில் மயங்கக் கூடாது. அது உயரமே ஏறாதபோது கிடைக்கும் அளவு. நான்கடி ஏறுவதற்குள் பாதிகூட வராமல் போகலாம். இந்தத் தொட்டிக்கு மேலே வந்து விழ வேண்டியது மணிக்கு 650 முதல் 800 லிட்டர். பம்பின் வயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி ஏறட்டும், வழிகிற சொட்டு பிளக்குக்குள் போகாது. சம்பில் கை விடுமுன் ஸ்விட்சை அணைப்பது கட்டாயம்.

எல்லாம் மாட்டியாயிற்றா? மீன் விடாதீர்கள். பம்பை ஓடவிட்டு, சட்டென்று பிளக்கைப் பிடுங்குங்கள். நீர் ஏறி நிற்கிற இடத்தில் சம்பின் மேல் மார்க்கரால் கோடு போட்டு, விளிம்புக்கு இரண்டு அங்குலமாவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஓடவிட்டு, இறங்கு குழாயைத் துணியால் அடைத்து மேல் தொட்டி வழிகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறிய பிறகும் பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நண்பரின் தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு வாங்கிப் போட்டால் சீக்கிரம் நடக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு இரண்டிரண்டு மீனாக விடலாம். பஞ்சை வாரம் ஒருமுறை அலசுங்கள், அதுவும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் மீடியாவைக் கழுவினால் மறுபடியும் முதலிலிருந்து ஆறு வாரம்.