மன்னர் பக்கம் நின்ற குடியேறிகள்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தவர்களே நம் கண்முன் வருவர். வகுப்பில் இப்பாடம் நடந்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பதின்மூன்று குடியேற்றங்களிலும் வாழ்ந்த மக்கள் அனைவருமே மூன்றாம் ஜார்ஜ் மன்னரை எதிர்த்தனரா? நூலகத்தில் தேடியபோது, 'இல்லை' என்ற விடையே கிடைத்தது. வெள்ளையருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மன்னர் பக்கம் நின்றனர் என்பது ஆய்வாளர் கணிப்பு.

இவர்களை அரச விசுவாசிகள் என்பர். அதிகாரிகளும் ஆங்கிலத் திருச்சபைக் குருமாரும் மட்டுமல்லர், வணிகரும் ஏழை உழவரும் இவர்களுள் இருந்தனர். சிலர்மீது கொதிக்கும் தாரைப் பூசி இறகுகளை ஒட்டி ஊர்வலம் விட்டனர். பலருடைய நிலங்கள் பறிமுதலாயின.

பெஞ்சமின் பிராங்க்ளினை நாம் அறிவோம். அவர் மகன் வில்லியம், நியூ ஜெர்சியின் ஆளுநர். மன்னரை விட மறுத்தார். 1776-இல் அவரைக் கைது செய்தனர். நோயுற்ற மனைவியைக் காண அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 1777-இல் அம்மையார் இறந்தார். தந்தையோ தம் உயிலில் மகனுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வைக்கவில்லை. போர்க்களச் செய்திகளைக் காட்டிலும் இதுவே என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

1783-இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ 60,000 பேர் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பகுதியினர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றனர். அவர்களுக்கென்றே 1784-இல் நியூ பிரன்ஸ்விக் என்னும் மாகாணம் பிரிக்கப்பட்டது.

கறுப்பர் கதை வேறு. கலகக்காரர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775-இல் அறிவித்தார். எதிரியின் அடிமைக்குத்தான் விடுதலை, தம் அடிமைக்கன்று! இதில் அறத்தைவிடத் தந்திரமே மிகுதி என்பேன். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் அதை நம்பி ஓடிவந்தனர். போர் முடிவில் அவர்களைத் திருப்பித் தருமாறு ஜார்ஜ் வாஷிங்டன் கேட்டார். ஆங்கிலத் தளபதி கார்ல்டன் மறுத்து, சுமார் 3,000 பேரைப் பதிவேட்டில் எழுதிக் கப்பலேற்றினார்.

அப்பதிவேட்டில் ஹாரி வாஷிங்டன் என்றொரு பெயர் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்தே தப்பியவர் அவர்! நோவா ஸ்கோஷியாவிலோ வாக்களித்த நிலம் பலருக்குக் கிடைக்கவில்லை; கிடைத்ததும் பாறை நிலம். ஆகவே 1792-இல் சுமார் 1,200 பேர் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் கடல் கடந்து பிரீடவுன் நகரை அமைத்தனர். ஹாரியும் சென்றார். அங்கே ஆண்ட ஆங்கிலக் கம்பெனி நிலவரி கேட்டது. 1800-இல் அதை எதிர்த்துக் கிளர்ந்தவர்களுள் ஹாரியும் ஒருவர். விசாரித்து, அவரை அந்நகரிலிருந்து வெளியேற்றினர்.